ஒட்டும் உறவும்

கிழிந்த துணியின்மேல் வேறொரு துணித்துண்டை வைத்துத் தைப்பதற்கு ஒட்டுப்போடுதல் என்று பெயர். கிழியாத துணியின்மேல் அதே துண்டை யானையாகவோ மயிலாகவோ வெட்டி வைத்துத் தைத்தால் அதற்குக் கைவேலை என்று பெயர். ஊசி ஒன்றே, நூல் ஒன்றே, விரல் படும் பாடும் ஒன்றே. ஆயினும் முதலாவதைத் தைத்தவள் அதை உடுத்திக்கொண்டு நாலுபேர் நடுவே செல்லக் கூசுகிறாள்; இரண்டாவதைத் தைத்தவள் அண்டை வீட்டாரை அழைத்துக் காட்டி மகிழ்கிறாள். ஒரே செயல் ஓரிடத்தில் நாணத்தையும் மற்றோரிடத்தில் பெருமையையும் பிறப்பிப்பது எதனால்? தையற்பெட்டிக்குள் அடங்கிவிடும் சிறிய ஐயம் போல இது தோன்றலாம். ஆனால் மனிதன் தன் மதிப்பை எங்கே வைத்திருக்கிறான் என்னும் வினா இதற்குள் ஒளிந்திருக்கிறது.

தேவைக்காகத் தைத்தால் வறுமை, விருப்பத்துக்காகத் தைத்தால் கலை என்று உடனே விடை சொல்லிவிடலாம். இவ்விடை பிழையன்று, அரைகுறையானது. பசிக்குச் சமைப்பதும் தேவைதான். மழைக்குக் கூரை வேய்வதும் தேவைதான். அவற்றுக்காக எவரும் தலைகுனிவதில்லை. ஒட்டுக்கு மட்டும் ஏன் அந்தக் குனிவு? மாற்றுத்துணி இல்லை என்பதை ஒட்டு ஊருக்கு அறிவித்துவிடுகிறது. வீட்டுப் பானை காலியாக இருப்பதைக் கதவைச் சாத்தி மறைக்கலாம். முழங்கையில் இருக்கும் ஒட்டை மறைக்க முடியாது. எனவே நாணம் கிழிசலில் பிறக்கவில்லை. அதைப் பார்ப்பவன் கண்ணில் பிறக்கிறது. தனியே இருப்பவன் எவனும் தன் சட்டையின் ஒட்டுக்கு நாணியதாகத் தெரியவில்லை.

தமிழ் இச்சொல்லை இவ்வளவு இழிவாக நடத்தவில்லை. உறவற்றுப் போனவர்களைக் குறித்து 'ஒட்டும் இல்லை, உறவும் இல்லை' என்பர். அங்கே ஒட்டு உறவுக்குத் துணையாய் நிற்கிறது. ரப்பர்த் தோட்டத்தாருக்கு இச்சொல் இன்னும் நெருக்கமானது. நற்பால் தரும் மரத்திலிருந்து மொட்டோடு கூடிய பட்டைத் துண்டு ஒன்றைச் சீவியெடுத்து, வேறொரு கன்றின் தண்டில் பட்டையைத் திறந்து, அத்துண்டைப் பொருத்திக் கட்டிவிடுவார்கள். மொட்டு பிடித்தபின் அதற்கு மேலுள்ள பழைய தண்டை வெட்டிவிடுவார்கள். வேர் ஒன்றினுடையது, அடிமரமும் கிளையும் பாலும் ஒட்டிய துண்டினுடையவை. லயத்தில் தம் ஆடையின் ஒட்டை மறைக்க முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டவர்கள், விடியலில் போய்ப் பால் வெட்டியது இத்தகைய ஒட்டால் விளைந்த மரங்களில்தான்.

ஜொகூர் மாநிலத்தில், மாசாய்ப் பக்கத்து அடுக்குமாடி வீடு ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். மருமகள் கருவுற்றிருக்கிறாள். பிறக்கப்போகும் குழந்தைக்கு மேல்துணி, நடுவே மெல்லிய பஞ்சு, அடித்துணி என மூன்றடுக்கில் ஒரு சிறிய போர்வை தைத்து, அதன்மேல் யானை, வாழைமரம், பிறைநிலா ஆகியவற்றைத் துணியால் வெட்டிப் பதிக்க வேண்டுமென்பது அவள் ஆசை. அதற்காக மாமியாரின் பழைய நூல்புடவைகளைக் கேட்கிறாள். மாமியாரோ, "பழசை வெட்டியா பேரப்பிள்ளைக்குப் போர்வை? கடைத்தெருவில் புதுத்துணிக்கா பஞ்சம்?" என்கிறாள். "பழசுதானே அத்தை அழகு" என்பது மருமகளின் மறுமொழி.

இந்தச் சிறு கருத்து வேறுபாட்டில் ஒரு தலைகீழ் மாற்றம் இருக்கிறது. இன்மையை அறிந்தவள் புதியதைக் கேட்கிறாள். இன்மையை அறியாதவள் பழையதைக் கேட்கிறாள். மருமகளுக்குப் பழந்துணி ஒரு நினைவுப்பொருள். மாமியாருக்கு அது தப்பி வந்த இடம். தப்பி வந்த இடத்துக்குத் திரும்ப அழைப்பவரை எவரும் எளிதில் மன்னிப்பதில்லை.

மாமியார் பிறந்தது லாயாங் லாயாங், குளுவாங் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில் என்று கொள்ளலாம். அங்கே குழந்தைக்கு முதல் வீடு ஏணை. தாயின் பழைய புடவையை விட்டத்தில் கட்டி அதில் பிள்ளையைக் கிடத்துவார்கள். விடியற்காலையில் பிரட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வெட்டுக்காட்டுக்குப் போகும் தாய், பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வாள். கொட்டகை நிறைய ஏணைகள் தொங்கும். ஒவ்வொன்றும் ஒரு தாயின் புடவை. அவள் காட்டில் இருக்கும்போது அவள் மணம் பிள்ளையோடு இருக்கும். பிறந்த குழந்தைக்கு முதலில் உடுத்துவதும் பழந்துணிதான். வசதியுள்ள தமிழ்க் குடும்பங்களிலும் முதல் சில நாட்களுக்குப் புதுத்துணி போடாமல், மூத்தோர் உடுத்திய வேட்டியையோ புடவையையோ கிழித்துச் சுற்றும் வழக்கம் உண்டு. நூறுமுறை துவைத்த துணியின் மென்மை எந்தக் கடையிலும் கிடைப்பதன்று. கஞ்சி நீங்கி, முறுக்குத் தளர்ந்து, சாயமும் ஓய்ந்த துணி அது. ஆக, பழந்துணிக்குக் காரணம் இரண்டு: மென்மையும் இன்மையும். செல்வர் வீட்டில் முதற்காரணம் மட்டும் இருந்தது. லயத்து வீட்டில் இரண்டும் கலந்திருந்தன. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அங்கே யாருக்கும் நேரம் இருந்ததில்லை.

இன்மை எவ்வளவு ஆழத்துக்குப் போகக்கூடும் என்பதை அந்த மாமியாரின் தாய் அறிந்திருப்பாள். 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினர். 1942 ஜனவரி 31இல் பின்வாங்கிய கடைசிப் படைகள் ஜொகூர்ப் பாலத்தைக் கடந்ததும் அதன் ஒரு பகுதி வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 1945இல் போர் முடியும்வரை வெளித்துணி வரவில்லை. ரப்பருக்குச் சந்தை இல்லை. தோட்டத்தில் கூலி இல்லை. இருந்த துணி நைந்தது, நைந்ததன்மேல் ஒட்டு விழுந்தது, ஒட்டும் நைந்தது, அதன்மேல் இன்னோர் ஒட்டு விழுந்தது. பின்னர்ச் சாக்கே ஆடையாயிற்று. பல்லாயிரம் தமிழர் சயாம் - பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1942இலும் 1943இலும் அமைக்கப்பட்ட, 415 கிலோமீட்டர் நீளமுடைய அப்பாதையில் மாண்டவர்களின் எண்ணிக்கை ஒழுங்காக எழுதிவைக்கப்படவும் இல்லை. உடுத்தியிருந்த கந்தைக்கு அங்கே யார் கணக்கு வைத்திருப்பார்?

ஒட்டின்மேல் ஒட்டாக விழுந்து முதல்துணியே இல்லாமற்போன புடவை, அதே புடவைதானா? பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட தீசியசின் கப்பலைக் குறித்துக் கிரேக்க அறிஞர்கள் இவ்வாறு வாதிட்டதைப் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். கப்பலைப் பார்வைக்கு வைத்திருந்த ஏதென்சு நகரத்தாருக்கு அது ஐயம். புடவையை உடுத்தியிருந்தவளுக்கு அவ்வையம் எழுந்திராது. உடுத்தியிருப்பவள் அவளேயாதலால் புடவையும் அதுவே.

அதே 1942இல், நீரிணைக்கு அக்கரையில், சிங்கப்பூரின் சாங்கிச் சிறையில் அடைபட்டிருந்த ஐரோப்பியப் பெண்கள் ஒட்டுப்போர்வைகள் தைத்தார்கள். ஒவ்வொருத்திக்கும் ஆறங்குலச் சதுரத்துணி ஒன்று தரப்பட்டது. அதில் தன்னைப் பற்றிய ஏதேனும் ஒன்றைத் தைத்துப் பெயரையும் இட வேண்டும். அறுபத்தாறு சதுரங்கள் சேர்ந்து ஒரு போர்வையாயின. பிரித்தானியர், ஆஸ்திரேலியர், ஜப்பானியர் ஆகியோரில் காயமுற்றோருக்கென மூன்று போர்வைகள் உருவாயின. தாம் உயிரோடு இருப்பதைப் பிரிக்கப்பட்ட கணவன்மார்க்குத் தெரிவிக்கும் வழியாகவும் அச்சதுரங்கள் அமைந்தன. இன்று அவற்றுள் இரண்டு கான்பராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன. மற்றொன்று பிரித்தானியச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் இருக்கிறது.

அப்பெண்களின் துயர் பெரிது. அவர்களின் செயலும் பெரிது. அதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆயினும் ஜொகூர்த் தோட்டத்துப் பெண் ஒருத்தியின் ஒட்டுப்புடவை ஏன் எந்தக் காட்சிச்சாலையிலும் இல்லை? அவளும் அதே காலத்தில், அதே இன்மையில், அதே ஊசியால் தைத்தாள். அவள் தைத்தது உடம்பில் கிடந்து உழைத்துத் தீர்ந்துபோனது. மிச்சமிருந்தது அடுப்படித் துணியாகி, பின் விளக்குத்திரியாகி எரிந்தது. முற்றும் பயன்பட்ட பொருளுக்கு வரலாறு இல்லை. எஞ்சியது எதுவோ அதுவே வரலாறு ஆகிறது. கைவேலை என்றும் கலை என்றும் போற்றப்படுபவற்றுட் பல, பயன்பாட்டிலிருந்து தப்பியவை என்பதையும் மறந்துவிடலாகாது.

தேவைதான் ஒட்டை இழிவாக்குகிறது என்றால், தேவையில்லாதவன் தானே விரும்பி ஒட்டை ஏற்கும்போது என்ன நிகழ்கிறது? பௌத்தத் துறவியரின் சீவரம் இதற்குச் சான்று. புத்தர் மகதநாட்டு வயல்களைக் காட்டி, வரப்பும் பாத்தியுமாக அமைந்த அவ்வடிவில் ஆடை தைக்கக் கூடுமா என்று ஆனந்தரிடம் கேட்டதாகவும், அவர் துணியைத் துண்டாக்கி அவ்வாறே தைத்ததாகவும் விநயநூல் கூறுகிறது. முழுத்துணி கிடைத்தாலும் அதை வெட்டி ஒட்டியே உடுத்த வேண்டும். வெட்டிய துணியைக் கள்வன் விரும்பமாட்டான், உடுத்தியவனுக்கும் அதில் செருக்கு எழாது. இங்கே ஒட்டு நாணத்துக்குரியதாகவும் இல்லை, அழகுக்குரியதாகவும் இல்லை. அரசகுமாரனாகப் பிறந்தவர் வகுத்த ஆடை அது என்பதை நினைத்தால் ஒன்று விளங்கும். விட்டுவிட ஏதேனும் உள்ளவனுக்கே துறவு பெருமை தரும். லயத்துப் பெண் எதை விட்டு அந்த ஒட்டை ஏற்றாள்? அவளுடைய ஒட்டைத் துறவியின் ஒட்டோடு ஒப்பிட்டுப் புகழ்வது, கேட்க இனிமையாக இருக்கும். அவளுக்கு நீதி செய்ததாகாது.

சீனரிடையே வழங்கும் ஒரு மரபு இவ்வினாவை வேறு பக்கம் திருப்புகிறது. குழந்தை பிறந்தால் நூறு வீடுகளில் ஆளுக்கொரு துணித்துண்டு கேட்டு வாங்கி, அவற்றை இணைத்துச் சட்டையோ போர்வையோ தைப்பார்கள். 'நூறு குடும்பத்து ஆடை' என்பது அதன் பெயரின் பொருள். நூறு வீட்டார் வாழ்த்தும் அக்குழந்தையைச் சூழ்ந்து காக்கும் என்பது நம்பிக்கை. வசதியுள்ள வீட்டாரும் இதற்காக வாசல்தோறும் சென்று கேட்பார்கள். கேட்பது இரத்தலாயிற்றே என்று எவரும் கூசுவதில்லை. ஒட்டு இங்கே ஓர் அறிவிப்பைத்தான் செய்கிறது. ஆனால் செய்தி வேறு. 'இவனுக்கு மாற்றுத்துணி இல்லை' என்பதற்குப் பதிலாக 'இவனுக்கு நூறு வீடு உண்டு' என்கிறது. முழங்கை ஒட்டைக் கண்டவன் கண்ணும் இந்தப் போர்வையைக் காண்பவன் கண்ணும் ஒன்றாகவே இருக்கலாம். துண்டு எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தால் கண்ணின் தீர்ப்பு மாறிவிடுகிறது. தமிழில் கந்தை என்றும் வங்கத்தில் காந்தா என்றும் வழங்கும் இரண்டும் ஒரே வடசொல்லின் வழிவந்தவை. வங்கத்துப் பெண்கள் பழம்புடவைகளை அடுக்கி, புடவைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைத்துப் பிள்ளைகளுக்கு விரிப்பாக்கினார்கள். இன்று காந்தா உலகச் சந்தையில் விலைபோகிறது. கந்தையோ இன்னும் வசைச்சொல்லாகவே இருக்கிறது.

இத்தனை வாதத்துக்கும் நடுவே, போர்வைக்கு உரியவரின் கருத்து கேட்கப்படவே இல்லை. குழந்தைக்குப் பழையது, புதியது என்ற வேற்றுமை கிடையாது. யானையை யானை என்றும் அறியாது. நன்றி சொல்லாது, வேண்டாம் என்றும் சொல்லாது, பிற்காலத்தில் நினைவுகூரவும் மாட்டாது. ஏற்பவர் வாய்பேசும் இடத்தில் கொடை தவறினால் திருத்திக்கொள்ளலாம். விருந்தினர் உப்புக் குறைவு என்பார். நண்பர் சட்டை இறுக்கம் என்பார். வாய்பேசாதவருக்குச் செய்யும் வேலையில் அந்தத் திருத்தம் இல்லை. அங்கே செய்பவரே செய்பவர், செய்பவரே நடுவர். ஆகையால் பழையதா புதியதா என்னும் பூசலை விட்டு, குழந்தையின் தோலிடம் போர்வை எவ்வாறு நடந்துகொள்கிறது என்று கேட்பதே முறை.

தோல் அறிவது போர்வையின் அடிப்பக்கத்தை. தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் தேருக்கும் பந்தலுக்கும் துணிவேலை செய்வோர், சிவப்புத் துணியில் யாளியும் அன்னமும் பூவுமாக வெட்டிப் பதித்துத் தொம்பைகளையும் தோரணங்களையும் தைக்கிறார்கள். தேர் அசையும்போது தொம்பை அசையும். வீதியில் நிற்பவன் முகம் உயர்த்திப் பார்ப்பான். அந்த வேலை கண்ணுக்கானது, தொலைவுக்கானது. அதன் உட்புறம் எப்படியிருந்தாலும் தேருக்கு நோகாது. குழந்தைப் போர்வையில் இம்முறை அப்படியே செல்லாது. யானையை முதலில் மேல்துணியில் மட்டும் தைத்து முடித்து, அதன்பின் பஞ்சையும் அடித்துணியையும் சேர்த்தால், யானையைத் தைத்த முடிச்சுகள் எல்லாம் அடுக்குக்குள் அடங்கிவிடும். போர்வை முழுவதும் தைத்து முடித்த பிறகு, அழகு போதவில்லையே என்று யானையை மேலே வைத்துத் தைத்தால், ஒவ்வொரு முடிச்சும் அடிப்பக்கத்தில் வந்து நிற்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தோலுக்கு ஒன்று பஞ்சு, மற்றொன்று பரல். வேலையின் வரிசை இங்கே அறமாகவும் இருக்கிறது. எவரும் புரட்டிப் பார்க்கப்போவதில்லை என்பதனாலேயே.

மாமியாரும் மருமகளும் துணியைப் பற்றிப் பூசலிட்டார்களே, அதிலும் தையல் ஒரு நடுநிலை சொல்கிறது. பழந்துணி சுருங்கி முடித்த துணி. புதுப் பருத்தி இன்னும் சுருங்க வேண்டியது. துவைக்காத புதுத்துணியைப் பழையதன்மேல் வைத்துத் தைத்தால், முதல் துவைப்பில் புதியது சுருங்கிப் பழையதையும் இழுக்கும். நைந்த இடமாயின் கிழித்தே விடும். மாற்கு நற்செய்தியில் இது ஓர் உவமையாகவே வந்திருக்கிறது. எனவே புதியது, தைப்பதற்கு முன்பே ஓரிரு முறை நீரில் நனைந்து சுருங்கிக்கொள்ள வேண்டும். வெட்டும் துண்டின் இழையோட்டமும் அடித்துணியின் இழையோட்டமும் ஒரே திசையில் இருக்க வேண்டும். இல்லையேல் இரண்டும் வெவ்வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போர்வை கோணும். விளிம்பைக் கால் அங்குலம் உள்ளே மடித்து, வளைவான இடங்களில் சிறுசிறு வெட்டுகள் இட்டு மடிப்பை இளக்கி, நீண்ட நூலோட்டத்தால் தற்காலிகமாக நிறுத்திப் பிறகு நெருங்கிய தையலிட வேண்டும். சூடான இஸ்திரிப்பெட்டியால் ஒட்டிக்கொள்ளும் பசைத்தாள்கள் இப்போது கிடைக்கின்றன. அவற்றை மட்டும் நம்பினால் வேலை விரைவில் முடியும். பலமுறை துவைத்தபின் காதும் வாலும் கிளம்பும். பசை ஒட்டும், உறவாகாது.

அடுத்துக் கண். யானைக்குக் கண் வைக்கும்போதுதான் தைப்பவரின் கை சோதிக்கப்படுகிறது. பளபளக்கும் கரும்பொத்தான் ஒன்றை வைத்தால் யானை உயிர்பெற்றுவிடும். பத்துப்பேர் பாராட்டுவார்கள். குழந்தையோ எதையும் வாயால்தான் அறிகிறது. நூல் ஒருநாள் நையும், பொத்தான் கழலும். மூன்று வயதுக்குட்பட்டோரின் விளையாட்டுப் பொருள்களைச் சோதிப்பதற்கென்று 31.7 மில்லிமீட்டர் விட்டமுடைய ஓர் உருளை வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுதும் அடங்கிவிடும் எதுவும் குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடும் என்பது கணக்கு. பொத்தான், மணி, சமிக்கி எல்லாம் அதில் அடங்கும். கறுப்பு நூலால் கண்ணைத் தைத்துவிட்டால் யானை சற்று மங்கலாகப் பார்க்கும், அவ்வளவே. பாராட்டைச் சிறிது குறைத்துக்கொள்ளத் தைப்பவர் இசைய வேண்டும். அன்பு என்று பேசப்படுவதில் எவ்வளவு பங்கு பாராட்டுக்கானது என்பது அந்தப் பொத்தானைக் கீழே வைக்கும்போதுதான் வெளிப்படும்.

இதைவிடக் கடினமான சோதனை ஒன்றும் உண்டு. குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்து உறங்கவிடலாகாதென்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1992இல் அறிவுறுத்தியது. அதன் 2022ஆம் ஆண்டு வழிகாட்டலும், முதல் ஓராண்டில் உறங்கும் படுக்கையில் தலையணை, தளர்ந்த போர்வை, மெத்தென்ற பொருள் எதுவும் வேண்டாம் என்கிறது. முகத்தை மூடி மூச்சை நிறுத்திவிடக் கூடும் என்பதே காரணம். அப்படியாயின் மாதக்கணக்கில் தைத்த போர்வை, உறக்கத்துக்கு உதவாது. குளிருக்கு என்று சொல்லவும் வழியில்லை. ஜொகூர் பாரு நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரைப் பாகை வடக்கே இருக்கிறது. தொடக்கத்தில் கிடைத்த விடை இங்கே நொறுங்கிவிடுகிறது. தேவைக்காகத் தைத்தால் நாணம், விருப்பத்துக்காகத் தைத்தால் பெருமை என்ற பிரிவு, தேவை யாருடையது என்று கேட்கவில்லை. குழந்தைக்கு இந்தப் போர்வை தேவையில்லை. தைப்பவளுக்குத்தான் தேவை.

இதைத் தன்னலம் என்று எளிதில் தள்ளிவிடலாகாது. பிறக்கப்போகும் ஓர் உயிருக்காகக் காத்திருப்போருக்குக் கையில் ஒரு வேலை வேண்டும். காத்திருப்பின் அச்சத்தை நூலோட்டம் நூலோட்டமாகக் கடத்தும் வழி அது. பழிக்கத்தக்கது அடுத்த படி. 'இவ்வளவு பாடுபட்டுத் தைத்தேனே, பிள்ளைமேல் போர்த்தாமல் வைத்திருக்கிறாளே' என்று வருந்தும் இடத்தில், கொடை கடனாக மாறுகிறது. கொடுத்தவர் தன் பாட்டுக்கு வட்டி கேட்கிறார். 'எங்கள் காலத்தில் போர்த்தித்தானே வளர்த்தோம்' என்னும் வாதமும் அப்போது எழும். எழுவது இயற்கை, தன் பிள்ளைகள் பிழைத்து வளர்ந்ததைச் சான்றாகக் கொள்ளாத தாய் இல்லை. ஆயினும் பிழைத்தவர்களை மட்டும் எண்ணிச் செய்யும் கணக்கில் பிழையாதவர்கள் இடம்பெறுவதில்லை. போர்வைக்குத் தரை இருக்கிறது. விழித்திருக்கும் குழந்தையை, பெரியவர் ஒருவர் அருகிருக்க, அதன்மேல் குப்புறக் கிடத்தி விளையாட விடலாம். அப்போது யானை குழந்தையின் முகத்துக்கு நேரே இருக்கும். உடம்பின்மேல் கிடப்பதைவிடப் படத்துக்கு அது நல்ல இடமும் ஆகும்.

வேறொரு வீட்டில் வேறொரு முடிவு எடுப்பார்கள். இவ்வளவு அழகானதைத் தரையில் விரிப்பதா என்று மடித்து, பாச்சை உருண்டை இரண்டைப் போட்டு, அலமாரியில் வைப்பார்கள். கேட்பதற்கு இது மிகுந்த மதிப்பாகத் தோன்றும். மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடிக் குருதியில் ஜி6பிடி என்னும் நொதியின் குறைபாடு உண்டா என்று சோதிப்பது வழக்கம். அக்குறைபாடுள்ள குழந்தைக்கு நாப்தலீன் உருண்டையின் வாடை ஏறிய துணி ஆகாது. குருதியணுக்கள் சிதைந்து மஞ்சட்காமாலை கடுமையாகக் கூடும். அழகைக் காப்பதற்கென்று இட்ட உருண்டை, அழகு யாருக்காகப் படைக்கப்பட்டதோ அவருக்கே நஞ்சாகிறது. உவமையாக யாரேனும் இதைச் சொல்லியிருந்தால் மிகை என்று கருதலாம். மருத்துவமனைத் தாதியர் தாய்மார்க்கு இதை அறிவுரையாகவே சொல்லி அனுப்புகிறார்கள்.

எனவே மாசாய் வீட்டுப் போர்வை அலமாரிக்குப் போகாமல் தரைக்கு வரட்டும். பால் கக்கும், ஈரமாகும், வாரம் இருமுறை துவைத்துக் கொடியில் போடுவார்கள். நவம்பர் மழையில் உலராமல் விசிறிக்கு அடியில் கிடக்கும். கடையிலிருந்து வாங்கிய நீலத்துணியும் மாமியார் இறுதியில் எடுத்துக்கொடுத்த பழுப்புப் புடவையும் துவைக்கத் துவைக்க ஒரே மென்மைக்கு வந்துசேரும். எது பழையது என்று தொட்டுச் சொல்ல முடியாத நாளும் வரும். குழந்தை தவழத் தொடங்கும். போர்வையை இழுத்துக்கொண்டே போகும். யானையின் காதைச் சப்பும். முதலில் நையப்போவது அந்தக் காதுதான். அதில் ஒருநாள் சிறு கிழிசல் காணும். மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெட்டியில் மிஞ்சியிருக்கும் துண்டுகளில் ஒன்றை எடுத்து, கிழிந்த காதின்மேல் வைத்துப் பார்ப்பாள். நிறம் ஒத்துவரவில்லை என்று மருமகள் சொல்லக்கூடும். அதற்குள் பிள்ளைக்குப் பேச்சு வந்திருந்தால், அந்தத் துண்டு யாருடைய புடவை என்று கேட்கும்.